கொள்கை பலித்ததா, கடல்நாகம் பலித்ததா?

அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவிக்கிறது. அடுத்த ஆண்டே புள்ளிவிவரம் உயர்கிறது. திட்டம் பலித்துவிட்டது என்று பாராட்டும் எழுகிறது. ஆனால், அது அவ்வளவு எளிதில் முடிவாகும் விஷயம் அல்ல. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கொள்கையே இதற்குத் தக்க சான்று.

1972 முதல் இரண்டு பிள்ளைகளே போதும் என்று வலியுறுத்திவந்த அரசாங்கம், 1987 மார்ச்சில், வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்றது. மூன்றாவது பிள்ளைக்கு 20,000 வெள்ளி வரிக்கழிவும் அறிவித்தது. ஒரு பெண் தம் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய பிள்ளைகளைக் குறிக்கும் பிறப்பு விகிதம் 1986இல் 1.43, 1988இல் 1.96. மாபெரும் வெற்றி என்றே தோன்றும்!

இங்கேதான் சீன நாட்காட்டி குறுக்கிடுகிறது. 1986 புலி ஆண்டு. பிள்ளை பெறச் சீனர்கள் பலர் தயங்கும் ஆண்டு. 1988 கடல்நாக ஆண்டு. அவர்கள் விரும்பிக் காத்திருக்கும் ஆண்டு. பள்ளத்திலிருந்து மேட்டை அளந்தால் உயரம் கூடத்தானே தெரியும்? அந்த இரு ஆண்டுகளையும் விட்டு, 1985ஐயும் 1989ஐயும் ஒப்பிட்டால், விகிதம் 1.61இலிருந்து 1.75க்குத்தான் ஏறியிருக்கிறது. 0.53 என்று தெரிந்த உயர்வு 0.14ஆகச் சுருங்கிவிடுகிறது. 1987இலேயே விகிதம் 1.62ஆகிவிட்டது. மார்ச்சில் வந்த அறிவிப்புக்கு அந்த ஆண்டுக் குழந்தைகளில் எத்தனை பேரைக் கணக்கு வைக்க முடியும்? பத்து மாதம் என்று ஒன்று இருக்கிறதே!

கொள்கை அடியோடு பயனற்றது என்றும் சொல்வதற்கில்லை. கடல்நாகக் கணக்குப் பார்க்காத மலாய்க் குடும்பங்களிலும் அக்காலத்தில் விகிதம் உயர்ந்தது.

2024இல் கடல்நாகம் மீண்டும் வந்தது. குழந்தை போனஸ், சம்பளத்துடன் கூடிய 16 வார மகப்பேற்று விடுப்பு எனச் சலுகைகள் பெருகியிருந்தன. இருந்தும் விகிதம் முந்தைய ஆண்டைப் போலவே 0.97. சலுகைகள் இல்லாதிருந்தால் இன்னும் இறங்கியிருக்குமா? ஒப்பிட்டுப் பார்க்கச் சலுகையே இல்லாத இன்னொரு சிங்கப்பூர் கிடையாது.

அதற்கு நெருக்கமான ஒன்று கிடைக்கலாம். 2001இல் தொடங்கிய போனஸ் முதலில் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது; முதல் பிள்ளைக்கு 2004இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இரு தரப்பிலும் பிறப்புகள் எப்படி மாறின என்று ஒப்பிடலாம். எப்படியும் இரண்டாவது பெற எண்ணியிருந்த தம்பதியரும் அதே தொகையைப் பெற்றிருப்பார்கள் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.