பஞ்சாங்கம் தெரியாத கணினி

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவென்றால் ஊரே தூங்குவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்தவர்கள் அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் விடுதி வாசலில் வந்து நிற்பார்கள். அறைப் பதிவு, முன்பணம், ரசீது எல்லாம் கணினியில்தான். அந்த நேரத்தில் அது தானாக அணைந்தால்?

விடுதிகளிலும் டிராவல்ஸ் அலுவலகங்களிலும் கணக்கர் அறைகளிலும் தினமும் ஒரு குறித்த நேரத்தில் சிஸ்டம் தானே அணையவோ ரீஸ்டார்ட் ஆகவோ ஏற்பாடு செய்வது நல்ல பழக்கம்தான். பாதுகாப்பு அப்டேட்டுகள் பலவும் ரீஸ்டார்ட் ஆன பிறகே முழுமை பெறும். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பல நாடுகளின் கணினிகளை முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும் விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுதாகப் புதிதாகத் தொடங்குவதில்லை, பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். தினமும் அணைக்கிறோமே, இருந்தும் ஹேங் ஆகிறதே என்பவர்கள் வாரம் ஒருமுறையாவது ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும்.

இதற்கான நேரத்தை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் குறிக்கலாம். ஆபத்தும் அங்கேதான். கால அவகாசம் கொடுத்து ஷட்டவுன் கட்டளை இட்டால், நேரம் முடிந்ததும் திறந்திருக்கும் எல்லாவற்றையும் அது வலுக்கட்டாயமாக மூடிவிடும். சேமிக்காத பில், பாதி அடித்த கடிதம் எதற்கும் காத்திருக்காது. எனவே பத்து நிமிடமாவது முன்னறிவிப்பு வேண்டும்; அணைவதை ரத்து செய்யும் வழி இரவுப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டேலி கணக்கின் பேக்கப் முடிந்த பிறகே நேரம் குறியுங்கள். டாஸ்க் ஷெட்யூலர் கிழமையும் தேதியும் அறியும், திதி அறியாது. பௌர்ணமி மாதந்தோறும் வேறு தேதியில் வரும். ஆகவே காலண்டர் வந்தவுடன் பௌர்ணமி நாட்களையும் கார்த்திகை தீபத்தையும் குறித்துக்கொண்டு, அந்த இரவுகளில் இந்த ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்று ஒரு பெயரைச் சொல்லி ஒப்படைக்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

வேலையை விட்டுப் போகிறவர் வஞ்சம் தீர்க்க இப்படியொரு நேரத்தைக் குறித்துவிட்டுப் போவதும் நடக்கக்கூடியதே. அனுமதியில்லாமல் கணினியை முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43இன் கீழ் இழப்பீட்டுக்குரியது. நேர்மையற்ற எண்ணத்துடனோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66 வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி நடந்தால் எதையும் அழிக்காமல், திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஊழியரின் நேரம். இந்தூரைச் சேர்ந்த சாஃப்ட்கிரிட் நிறுவனம், பணி நேரம் முடிந்தது, பத்து நிமிடத்தில் சிஸ்டம் அணையும், வீட்டுக்குப் போங்கள் என்று திரையில் காட்டியது 2023இல் நாடெங்கும் பேசப்பட்டது. சியோல் மாநகர அரசு 2018இலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊழியர்களின் கணினிகளை அணைக்கத் தொடங்கியது. நம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. அதன்கீழ் வரும் ஊழியருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கூடுதல் வேலையைச் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறையில் முறையிடலாம். வேலை செய்த நேரத்தைத் தேதியோடு எழுதி வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழு மணிக்குச் சிஸ்டத்தை அணைத்துவிட்டு, எட்டு மணிக்கு அதே கணக்கை வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.