நிரூபிக்க வேண்டியவர் யார்?

2003 மார்ச் 10 அன்று லண்டன் மேடையில், டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகி நட்டாலி மெயின்ஸ், வரப்போகும் போரில் தங்களுக்கு உடன்பாடில்லை என்றார். அதிபர் ஜார்ஜ் புஷ் தங்கள் டெக்ஸாஸ்காரர் என்பது வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். இராக் படையெடுப்புக்கு அப்போது பத்து நாள் இருந்தது. செய்தி ஊர் போய்ச் சேர்ந்ததும் வானொலி நிலையங்கள் அவர்களுடைய பாட்டை நிறுத்தின. லூசியானாவில் சிடிக்களைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். கொலை மிரட்டலும் வந்தது. பாடுகிறவர்களுக்குப் போரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். எந்த நாட்டில் எந்த நடிகரோ விளையாட்டு வீரரோ போர் வேண்டாம் என்றாலும் இன்றைக்கும் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். அதைப் போரைத் தொடங்குகிறவரிடம் அல்லவா கேட்க வேண்டும்?

மனிதனைக் கொல்லக் கூடாது என்பது எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான விதி. போர் அந்த விதியிலிருந்து விலக்கு கேட்கிறது. விலக்கு கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். ஐ.நா. சாசனத்தின் அமைப்பும் இதுதான். பிற நாட்டின் மீது படைபலத்தை ஏவுவதை அதன் 2-ஆம் பிரிவு தடுக்கிறது. தாக்கப்பட்ட நாடு தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது 51-ஆம் பிரிவு. மற்றபடி பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி தேவை. இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் 2003 பிப்ரவரி 5 அன்று அந்தக் கவுன்சிலில் வாதிட்டார். உளவுத் தகவல் அரசிடம்தான் இருக்கும், பாடகியிடம் இருக்காது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் முடிவு சொல்லப் போதுமான செய்தி பொதுவெளியிலேயே இருந்தது. ஐ.நா. ஆய்வாளர்கள் இராக்கிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். வேலையை முடிக்க இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று அவர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7 அன்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதங்களைக் கொடுக்க மறுத்துத்தான் குண்டு போட்டார்கள். அமெரிக்காவே அமைத்த தேடல் குழு 2004-இல் ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அறிக்கை தந்தது. தன் ஐ.நா. உரை தன் பெயருக்கு ஒரு கறை என்று பவலே மறு ஆண்டு ஒப்புக்கொண்டார். அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே பிரிட்டன் படையெடுப்பில் சேர்ந்தது என்று 2016-இல் அந்நாட்டின் சில்காட் விசாரணை முடிவு சொன்னது. இதற்குள் இராக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருந்தார்கள்.

அப்படியானால் எந்தப் போருமே நியாயமில்லையா? அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. ராணுவத்தில் சேர மறுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிவந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு, தான் பெல்ஜியக் குடிமகனாக இருந்தால் ராணுவச் சேவையை மறுக்க மாட்டேன் என்று எழுதினார். பழைய தோழர்கள் துரோகம் என்றார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. சான்று மாறியது, அவர் முடிவும் மாறியது. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் தன் மக்களையே கொன்றது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். இந்திரா காந்தி உலகத் தலைநகரங்களுக்குப் போய் முறையிட்டார், பலனில்லை. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. அதன் பிறகு நடந்த போரை நியாயமற்றது என்று சொல்வது கடினம். அதே ஆண்டு ஆகஸ்டில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் கச்சேரி நடத்தி அகதிகளின் துயரத்தை உலகம் பார்க்கச் செய்திருந்தார்கள். கலைஞர்கள் பேசினால் நாடு கோழையாகிவிடும் என்று அஞ்சுபவர்கள் இந்தக் கச்சேரியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புகழுள்ளவர்கள் எதைச் செய்தாலும் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. 1972-இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹனோய் சென்ற அமெரிக்க நடிகை ஜேன் ஃபாண்டா, அமெரிக்க விமானங்களைச் சுடும் பீரங்கி மேல் உட்கார்ந்து படம் எடுக்கவிட்டார். பின்னாளில் அதற்கு மன்னிப்பும் கேட்டார். தன் அரசிடம் சான்று கேட்பது ஒன்று, எதிர்த்தரப்பின் ஆயுதத்துக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பது வேறொன்று. ஆனால் விளம்பரத்துக்காகத்தான் இவர்கள் பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை முகமது அலியின் வழக்கோடு ஒப்பிட்டால் அது நிற்காது. 1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை மறுத்தபோது அவருக்கு வயது 25. ஹெவிவெயிட் உலக சாம்பியன். பட்டத்தைப் பறித்தார்கள். 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை என்றாலும், குத்துச்சண்டை வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் மூன்றரை ஆண்டுகளை அவர் வளையத்துக்கு வெளியே கழித்தார். 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஒருமனதாக ரத்து செய்தபோது, வியட்நாமில் அமெரிக்கா இன்னும் சண்டையிட்டுக்கொண்டுதான் இருந்தது.