புயல் வருகிறது... உங்கள் கம்ப்யூட்டர் தயாரா?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பாக்கெட், பிரெட் எல்லாம் வந்து சேரும். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புவோம். மாவு அரைத்து வைப்போம். ஆனால் ஹாலில் மேஜை மீது இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் யாரும் நினைப்பதில்லை. மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும், வந்தால் ஓடும், அவ்வளவுதானே என்று இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2016 டிசம்பர் வரை.

அப்போது நான் இன்ஜினியரிங் படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் வீடு சென்னைப் புறநகரில் இருந்தது. என் தாத்தா சொன்ன கதைகளையும் பாடிய பாட்டுகளையும் அப்பா பழைய ஆடியோ கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். தாத்தா காலமான பிறகு, ஒரு கோடை விடுமுறையில் அவற்றை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டேப்பில் பூஞ்சை பிடித்திருந்ததால் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டோம். "கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே!" என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மரங்கள் மின்கம்பிகள் மீது விழுந்து கிடந்தன. நான்காம் நாள் இரவு மின்சாரம் வந்தது. ஆசையாக ஓடிப்போய் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். விண்டோஸ் திரை வருவதற்குள் டியூப்லைட் பளீரென்று எரிந்தது, மின்விசிறி பேய் வேகத்தில் சுழன்றது. சி.பி.யு.வுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை. எஸ்.எம்.பி.எஸ். போனதோடு ஹார்ட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டையும் கொண்டு போய்விட்டது. மீட்டுத் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். புதிய கம்ப்யூட்டர் அடுத்த மாதமே வந்தது. தாத்தாவின் குரல் வரவில்லை.

இந்த அனுபவத்தில் நான் கற்றது ஒன்றுதான். கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கலாம், அதில் இருப்பதை வாங்க முடியாது. எனவே புயலுக்கான தயாரிப்பை பைல்களில் தொடங்க வேண்டும்.

நமக்குக் கிடைக்கும் மூன்று நாட்கள்

நிலநடுக்கம் போலச் சொல்லாமல் வருவதல்ல புயல். இந்திய வானிலை ஆய்வு மையம் தன் புயல் எச்சரிக்கைகளைப் படிப்படியாகத் தருகிறது. முதல் அறிவிப்பு ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன்பும், அடுத்தது 48 மணி நேரத்திற்கு முன்பும், அதற்கடுத்தது 24 மணி நேரத்திற்கு முன்பும் வரும். கடைசியாக 12 மணி நேரத்திற்கு முன்பு, புயல் கரையைக் கடந்த பின் உள்ளே எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்வார்கள். நம் வேலைகளையும் இதே வரிசையில் பிரித்துக் கொள்ளலாம்.

72 மணி நேரம் முன்பு: காப்பி எடுங்கள்

மின்சாரமும் இன்டர்நெட்டும் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்ய வேண்டியதில்லை. விண்டோஸையும் புரோகிராம்களையும் மறுபடி இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். சினிமாக்களைத் திரும்பப் பெறலாம். மீண்டும் உருவாக்க முடியாதவை எவை என்று யோசியுங்கள். குடும்பப் போட்டோக்கள், வீடியோக்கள், பிள்ளைகளின் புராஜக்ட் பைல்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கடைக் கணக்கு ஆகியவை இதில் வரும். இவற்றை எல்லாம் ஒரே போல்டரில் போட்டு, அதற்கு 'முக்கியம்' என்று பெயர் கொடுங்கள். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம், விண்டோஸ் ஏற்றுக் கொள்ளும்.

பேக் அப் எடுப்பதற்கு 3-2-1 என்று ஒரு விதி உண்டு. மொத்தம் 3 காப்பிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 காப்பி வீட்டிற்கு வெளியே. கம்ப்யூட்டரில் இருப்பது முதல் காப்பி. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவில் இரண்டாவது. மூன்றாவதை இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாம். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜி.பி. இடமும், மைக்ரோசாப்ட் ஒன்டிரைவில் 5 ஜி.பி. இடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. போட்டோக்கள் அதிகம் என்றால் இந்த இடம் போதாது. இன்னொரு பென் டிரைவில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வைத்தாலும் விதி நிறைவேறிவிடும்.

காப்பி ஆகிவிட்டது என்று திரையில் வந்ததும் பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். 'எஜெக்ட்' கொடுத்த பிறகே எடுக்கவும். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக் அப்பை நம்பக் கூடாது.

48 மணி நேரம் முன்பு: எவ்வளவு மின்சாரம் கையில் இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குவோர் பலருக்கு யு.பி.எஸ். பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மின்சாரம் போன பிறகும் வேலையைத் தொடர்வதற்காக அது தரப்பட்டிருப்பதாக நினைக்கிறார்கள். அது, வேலையைச் சேமித்து முறையாக ஷட் டவுன் செய்வதற்கு மட்டுமே. கணக்கைப் பாருங்கள். வீட்டு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 84 வாட் ஹவர். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால், இடையில் ஏற்படும் இழப்பும் போக, 10 முதல் 20 நிமிடம்தான் கிடைக்கும். பேட்டரிக்கு இரண்டு மூன்று வயது ஆகியிருந்தால் அதுவும் கிடைக்காது.

சோதித்துப் பார்ப்பது எளிது. எல்லா பைல்களையும் மூடிவிட்டு, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, யு.பி.எஸ்.ஸில் ஒரு டேபிள் லேம்ப்பை மட்டும் செருகி எரிய விடுங்கள். பிறகு சுவரில் இருக்கும் யு.பி.எஸ். ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். சில நிமிடங்களிலேயே விளக்கு அணைந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் இணைக்க வேண்டாம். சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை யு.பி.எஸ். தாங்காது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட் ஹவர். நடைமுறையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1200 என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு மின்விசிறி, நான்கு எல்.இ.டி. பல்பு, ஒரு மோடம் சேர்ந்து சுமார் 200 வாட் என்றால் 6 மணி நேரம் ஓடும். கம்ப்யூட்டரையும் சேர்த்தால் 4 மணி நேரம்கூட வராது. புயல் இரவில் எது முக்கியம் என்பதை வீட்டில் எல்லோரும் கூடி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பவர் பேங்க்கின் கணக்கு வேறு. 10000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தாலும் வெளியே கிடைப்பது ஏறத்தாழ 6000தான். வோல்டேஜை மாற்றும்போது மீதி செலவாகிவிடுகிறது. 5000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள மொபைலை ஒரு முறை முழுதாக சார்ஜ் செய்யலாம், கொஞ்சம் மிஞ்சும். வீட்டில் லேப்டாப் இருந்தால் அதையும் முழுதாக சார்ஜ் ஏற்றி வையுங்கள். அவசரத்திற்கு அதன் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்து மொபைலுக்கு சார்ஜ் எடுக்கலாம். அப்போது லேப்டாப்பே ஒரு பெரிய பவர் பேங்க்.

24 மணி நேரம் முன்பு: ப்ளக்கைப் பிடுங்குங்கள்

விண்டோஸ் அப்டேட் பாதியில் ஓடிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கம்ப்யூட்டர் மறுபடி பூட் ஆவதிலேயே சிக்கல் வரலாம். எனவே செட்டிங்ஸ் சென்று, விண்டோஸ் அப்டேட் பிரிவில் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரத்திற்கு நிறுத்தி வைக்கவும். புயல் போன பின் மறக்காமல் திரும்ப இயக்கவும்.

காற்று பலமாகத் தொடங்கியதும் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, ஸ்விட்சை ஆஃப் செய்து, ப்ளக்கையும் கழற்றிவிடுங்கள். மானிட்டர், பிரிண்டர், மோடம் ஆகியவற்றின் ப்ளக்குகளும் இதில் அடங்கும். தொலைபேசிக் கம்பி, கேபிள் டி.வி. வயர் வழியாக வரும் இணைப்பு என்றால் அந்த வயரையும் கழற்றவும். மின்னலின் தாக்கம் அதன் வழியாகவும் உள்ளே வரும். பைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது!

"ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறோமே?" என்று கேட்கலாம். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதி நேரமே வந்து போகும் மின் எழுச்சியைத்தான் அது தடுக்கும். தொடர்ந்து வரும் உயர் வோல்டேஜைத் தடுக்காது.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. சி.பி.யு., யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் போர்டு ஆகியவற்றைத் தரையிலிருந்து தூக்கி மேஜை மீது வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பேக் அப் எடுத்த பென் டிரைவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, ரேஷன் கார்டு, பத்திரங்களோடு உயரமான இடத்தில் வைக்கவும்.

12 மணி நேரம் முன்பு: காகிதமும் பேனாவும்

எல்லா எண்களும் மொபைலில் இருக்கின்றன. மொபைல் அணைந்துவிட்டால்? உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், எலக்ட்ரீஷியன், டாக்டர் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழக மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்திற்கு 1077.

சிக்னல் பலவீனமான இடத்தில் டவரைத் தேடித் தேடியே மொபைல் தன் பேட்டரியைத் தீர்த்துவிடும். அதனால் ஏரோபிளேன் மோடில் போட்டு வைத்து, காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டும் எடுத்துப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்த நேரத்தை முன்பே சொல்லிவிட்டால் அவர்களும் பதற மாட்டார்கள். பேச முடியாத போதும் சில நேரங்களில் எஸ்.எம்.எஸ். போய்விடும். செய்தி கேட்க, பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ இன்றும் நல்ல துணை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிற்குள்ளோ, வராந்தாவிலோ, ஜன்னல் ஓரத்திலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

மின்சாரம் வந்த பிறகு: அவசரப்படாதீர்கள்

நான் தவறு செய்தது இந்த இடத்தில்தான். தெருவில் வரும் மும்முனை மின்சாரத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் இருக்கும். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். மரம் விழுந்து நியூட்ரல் அறுந்திருந்தாலோ, இணைப்பு தளர்ந்திருந்தாலோ, சில வீடுகளுக்கு 230க்கு மிக அதிகமாகவும் சில வீடுகளுக்கு மிகக் குறைவாகவும் மின்சாரம் பாயும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால்கூட நம் வீட்டு வோல்டேஜ் மாறும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று எலக்ட்ரீஷியன் பிறகு விளக்கினார்.

எனவே மின்சாரம் வந்ததும் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி மட்டும் போடுங்கள். ஸ்டெபிலைசர் அல்லது இன்வெர்ட்டரில் வோல்டேஜ் காட்டும் திரை இருந்தால் பாருங்கள். விளக்கு ஏறி இறங்கினாலோ, மின்விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றாலோ உடனே மெயினை ஆஃப் செய்து, மின்வாரியத்திற்குச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மணி நேரம் கழித்தே கம்ப்யூட்டர் ப்ளக்கைச் செருகவும். நான்கு நாள் பொறுத்தவர்களுக்கு ஒரு மணி நேரம் பெரிதல்ல.

சி.பி.யு. நனைந்திருந்தால் 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யவே கூடாது. அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் தண்ணீர் நிற்கும்போது ஸ்விட்ச் போர்டு பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தாத்தாவின் குரல் முழுவதும் போய்விடவில்லை. கேசட்டுகளை ஏற்றிய அந்தக் கோடையில், மதுரையில் இருக்கும் அத்தை கேட்டார் என்பதற்காக ஒரே ஒரு பைலை ஈமெயிலில் அனுப்பியிருந்தேன். காக்கா நரி கதை, 2 நிமிடம் 40 நொடி. அது இப்போது எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேரிடம் இருக்கிறது. கேட்டவுடன் மற்றவற்றையும் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒரு மணி நேர வேலை. உங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒதுக்கிவிடுங்கள். புயல் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.