முதலில் கேள்வி, பிறகு விமானச்சீட்டு: அறிவியல் மாணவருக்கு வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்

சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 9 நிமிடங்கள்தான். சுவீடனின் உப்சாலா நகரில் ஜூன் மாதப் பகல் 18 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் அது ஏறக்குறைய 6 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பகல் குறைவதை உணர்ந்துதான் அங்குள்ள பிர்ச் மரங்கள் வளர்ச்சியை நிறுத்தி, மொட்டுகளை மூடிக்கொண்டு குளிர்காலத்துக்குத் தயாராகின்றன. நம் புளோக்குக்குக் கீழே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் இதைப் பார்க்க முடியாது.

இப்படி, இருக்கும் இடத்தில் விடை கிடைக்காத கேள்விகளைத் தேடிப் போக ஒரு வழி இருக்கிறது. அதுதான் பல்கலைக்கழகங்களின் மாணவர் பரிமாற்றத் திட்டம். இங்கே பட்டப்படிப்பைத் தொடர்ந்தபடியே ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பலாம்.

“அதெல்லாம் வணிகம், மொழி படிப்பவர்களுக்குத்தான். அறிவியல் மாணவர்களுக்கு ஆய்வுக்கூட வேலை அதிகம், ஒத்துவராது” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒத்துவரும். ஆனால், கடைசி நேரத்தில் முடிவு செய்தால் ஒத்துவராது. எங்கே சிக்கல் வரும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

நாள்காட்டிகள் மோதும்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடியும். இரண்டாவது, ஜனவரி முதல் மே வரை. சுவீடனில் இலையுதிர்கால செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஜனவரி நடுப்பகுதி வரை நீளும். அங்கே தேர்வு முடியும்முன் இங்கே வகுப்பு தொடங்கிவிடும்!

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சுவீடனில் பல பாடங்களை ஒரே நேரத்தில் நடத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக நடத்தித் தேர்வும் வைப்பது வழக்கம். அதனால் டிசம்பருக்குள் முடியும் பாடங்கள் உள்ளனவா என்று பார்க்கலாம். இல்லையென்றால், ஜனவரியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நடக்கும் வசந்தகால செமஸ்டருக்குப் போகலாம். ஆனால், அப்போது நீங்கள் பார்ப்பது மரம் துளிர்ப்பதை, இலை உதிர்வதை அல்ல. ஆகவே உங்கள் கேள்வி எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த செமஸ்டர் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஜெர்மனியில் கோடைகால செமஸ்டரின் வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை போகும். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இரண்டாம் செமஸ்டர் ஜூலையிலிருந்து நவம்பர் வரை. பவளப்பாறை உயிரினங்களைப் பற்றிப் படிக்க விரும்புபவருக்கு இது நம் முதல் செமஸ்டருடன் நன்றாகப் பொருந்தும்.

பாடங்கள் ஒரு சங்கிலி

அறிவியல் பாடங்கள் படிக்கட்டு போன்றவை. கரிம வேதியியலின் முதல் பாடத்தை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. சில பாடங்கள் ஆண்டில் ஒரு செமஸ்டரில் மட்டுமே நடக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வெளிநாட்டில் இருந்தால், அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும். ஒரே ஒரு பாடத்தால் பட்டமளிப்பு தள்ளிப்போகலாம். ஓர் ஆண்டுச் செலவு என்பது எந்தக் குடும்பத்துக்கும் சிறிய விஷயமல்ல.

ஆய்வுக்கூடப் பாடங்களில் இன்னும் கவனம் தேவை. விரிவுரைப் பாடத்தைப் பாடத்திட்டத்தைப் பார்த்தே ஒப்பிட்டுவிடலாம். செய்முறைப் பாடத்தில் எத்தனை மணி நேரம், எந்தக் கருவிகள், எந்தப் பாதுகாப்புப் பயிற்சி என்றெல்லாம் பார்ப்பார்கள். அதனால், கட்டாயச் செய்முறைப் பாடங்களை இங்கேயே முடிக்கத் திட்டமிடுங்கள். விருப்பப் பாடங்களை முதல் ஆண்டிலேயே தீர்த்துவிடாமல், பரிமாற்ற செமஸ்டருக்காகச் சேமித்து வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு 160 அலகுகள் தேவை. எட்டு செமஸ்டர்களுக்குப் பங்கிட்டால் செமஸ்டருக்கு 20. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 புள்ளிகள், அதாவது செமஸ்டருக்கு 30. அப்படியென்றால் அங்கே 15 புள்ளிகள் கொண்ட ஒரு பாடம், இங்கே எத்தனை அலகுகளுக்குச் சமம்? விகிதப்படி 10 என்று வரும். இது தோராயக் கணக்குதான். இறுதி முடிவு உங்கள் பல்கலைக்கழகத்துடையது. புறப்படுமுன்பே அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தி: பெரும்பாலும் அலகுகள் மட்டுமே இங்கே மாற்றப்படும், மதிப்பெண்கள் மாற்றப்படுவதில்லை. தேர்ச்சி பெற்றால் போதும். “மதிப்பெண் சராசரி இறங்கிவிடுமோ” என்ற பயமின்றிப் புதிய துறையை முயன்று பார்க்கலாம்.

செலவு

பரிமாற்ற மாணவர்கள் கல்விக் கட்டணத்தைப் பொதுவாகச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே செலுத்துவார்கள். விமானச்சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, குளிருடை எல்லாம் உங்கள் பொறுப்பு. சுவீடனில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க வசிப்பிட அனுமதி வேண்டும். அதற்கான நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உபகாரச் சம்பளங்களும் உதவித்தொகைகளும் உண்டு. அவற்றுக்கான விண்ணப்பக் காலம் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.

இப்போது என்ன செய்யலாம்?

நீங்கள் இன்னும் உயர்நிலைப் பள்ளியில்தான் இருக்கிறீர்கள். பரவாயில்லை. பல்கலைக்கழகங்கள் தங்கள் பாட விவரங்களை இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கின்றன. இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில், சிங்கப்பூரில் இருந்தபடி நேரில் பார்க்க முடியாத ஓர் அறிவியல் கேள்வியை எழுதுங்கள். பனிப்பாறை, எரிமலை, தென்துருவ வானம், எதுவானாலும் சரி. இரண்டாவதில், அதைக் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகப் பாடம். மூன்றாவதில், அது நடக்கும் மாதங்களும் கற்பிக்கும் மொழியும். நான்காவதில், அதற்கு முன்பு படித்திருக்க வேண்டிய பாடங்கள்.

நான்காவது கட்டத்தை நன்றாகப் பாருங்கள். அதில் வேதியியலோ கணிதமோ இருக்க வாய்ப்பு அதிகம். தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று நீங்கள் முடிவு செய்யும் நாளில் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.