பாடம் பிறகு கிடைக்கும், காது கிடைக்காது

பருவத் தேர்வு நெருங்கும் வாரங்களில் சாமராஜநகர் வட்டாரத்து மருத்துவர்கள் சலிப்போடு பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பள்ளிச் சீருடையிலேயே பிள்ளையை அழைத்து வருவார்கள். உடம்பு அனலாகக் கொதிக்கும், மடியில் கன்னடப் பாடப்புத்தகம் இருக்கும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கத்தரியால் வெட்டிய மாத்திரைத் துண்டுகளை மேசைமேல் வைப்பார். மாத்திரையின் பெயர் அச்சிட்ட பக்கம் மெடிக்கலிலேயே தங்கிவிட்டிருக்கும். காலாவதித் தேதியும் அதோடு போயிருக்கும். “மூணு நாளா செட் மாத்திரைதான் டாக்டர் கொடுத்தோம். கன்னடத்துலதான் வீக்கு. லீவு போட்டா விட்டுப்போயிடும்னு ஸ்கூலுக்கு அனுப்பிட்டோம்.”

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலையடிவார ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக வளரும் பிள்ளைகள் பலர். கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பள்ளியில் படித்தாலும் கன்னடம் கற்றாக வேண்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் தாளவாடிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். கன்னட நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கன்னட வீட்டுப் பிள்ளைகள் அங்கே 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் படிக்கிறார்கள். அவசரம் என்றால் தாளவாடிக்காரர்களுக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போவதைவிடச் சாமராஜநகர் பக்கம். ஆகவே இரு தரப்பும் ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதுண்டு. விட்டுப்போன கணக்கை அண்ணனோ மாமாவோ சொல்லிக்கொடுத்துவிடலாம். வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத மொழியை யார் சொல்லிக்கொடுப்பது? அதனால்தான் மொழிப் பாடம் உள்ள நாளில் மட்டும் காய்ச்சல் “சும்மா சூடு” ஆகிவிடுகிறது.

ஏறாத மனப்பாடம்

காய்ச்சல் கண்ட பிள்ளை புத்தகத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டுகிறார்கள். கிருமியை எதிர்க்கும்போது உடலில் சுரக்கும் சைட்டோகைன்கள் மூளையையும் மந்தப்படுத்துகின்றன. கவனம் நிற்காது, பேசப் பிடிக்காது, படுக்கத் தோன்றும். சாதாரண ஜலதோஷத்தில்கூட மூளையின் எதிர்வினை வேகம் குறைவதைப் பிரிட்டன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த நிலையில் கன்னடக் கூட்டெழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்வேலை.

போதாததற்கு, மூக்கடைப்புக்கென்று கடையில் வாங்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் இருக்கிறது. மூளைக்குள் புகுந்து தூக்கத்தை வரவழைக்கும் மருந்து அது. மாத்திரையையும் கொடுத்து, தூங்கி விழுந்தால் தலையில் ஒரு குட்டும் வைப்பது எந்த ஊர் நியாயம்?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடும் வழக்கமும் நோயாளிப் பிள்ளைக்கு ஆகாது. ஆங்கில–ஜெர்மன் சொற்களைப் படித்த பள்ளி மாணவர்களைப் பற்றி 2006இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. படித்த சில மணி நேரத்துக்குள் தூங்கியவர்களுக்கே சொற்கள் நன்றாக நினைவில் நின்றன. தூக்கத்தைக் கெடுத்துப் படிக்கும் மொழி தங்குவது கடினம்.

ஒரு செட் கொடுங்க

காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு நிறங்களில் வரும் அந்தச் ‘செட்’டில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. ஒன்று பாராசிட்டமால், ஒன்று சளிக்கு, ஒன்று ஆன்டிபயாடிக். சிலவற்றில் டைக்ளோபினாக் வலி மாத்திரையோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோ சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு விழுந்த அரை நாளில் பிள்ளை எழுந்து உட்காரும், பசிக்கிறது என்று கேட்கும். “நல்ல மாத்திரை” என்று கடைக்குப் பேரும் கிடைத்துவிடும். உள்ளே நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டெங்குவில் இந்தப் பொட்டலம் ஆளைக் கொல்லும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டுபவை. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்த பிறகும் கடைகளில் செட் வாங்குவது நிற்கவில்லை. டெங்குவின் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் இறங்கும்போது, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், தொடங்குகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம். பெற்றோரோ “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று அன்றைக்குத்தான் தேர்வெழுத அனுப்புகிறார்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், நிலைகொள்ளாமை, சோர்ந்து துவளுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களை ஏற்றிவிடும் என்று நம்பி இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் வீழ்வது. அதை எந்த இலையும் நிறுத்தாது. நிலவேம்புக் கஷாயம் குடித்தாயிற்று என்பதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்கக் காரணம் ஆகாது. முதல் ஐந்து நாளில் என்எஸ்1, அதற்குப் பின் ஐஜிஎம், கூடவே ரத்த அணு எண்ணிக்கை: பரிசோதனை இவ்வளவுதான்.

வீட்டில் கையாளக்கூடிய ஒரே மருந்து பாராசிட்டமால். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் கொடுக்கலாம். மீதமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலை அது தொடக்கூட முடியாது.

காதில் ஊற்றும் கைவைத்தியங்கள்

மொழி கற்கும் பிள்ளைக்கு உண்மையான கேடு சளிக்குப் பிறகு வருகிறது. காய்ச்சல் போய்விடும், மூக்கு திறந்துவிடும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் மட்டும் தேங்கிக் கிடக்கும். வலி இருக்காது, சீழும் வடியாது. சுமார் 25 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு வகுப்பில் உட்கார்வதுபோலத்தான் இது. ஏற்கெனவே தெரிந்த தாய்மொழியைப் பிள்ளை பாதி கேட்டே ஊகித்துக்கொள்ளும். புது மொழியில் ஊகம் எடுபடாது. கன்னடத்தில் ka, kha, ga, gha என்று தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் நான்கையும் பிரித்தறிய வேண்டும். தாளவாடிப் பிள்ளைக்குத் தமிழின் ழகரமும் இரண்டு ரகரங்களும் அப்படியே. பின் வரிசையில் உட்கார்ந்து எழுத்தை மாற்றி மாற்றிப் போடும் அந்தப் பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினால் அடி விழுகிறது.

வலி வந்தால் வீட்டு வைத்தியம் தொடங்குகிறது. பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், விளக்கெண்ணெய், துளசிச் சாறு, கைக்குழந்தைக்காரியிடம் வாங்கிய தாய்ப்பால் என்று காதுக்குள் போகாத பொருள் இல்லை. சூடான எண்ணெய் செவிக்குழாயின் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றியது அத்தனையும் நடுக்காதுக்குள் இறங்கும். தாய்ப்பாலும் எண்ணெயும் காதுக்குள் ஊறிக் கிடந்தால் கிருமிக்கும் பூஞ்சைக்கும் நல்ல தீனி. “எங்க பாட்டி ஊத்தினாங்க, எங்களுக்கு ஒன்னும் ஆகலையே” என்பார்கள். பாட்டி ஊற்றாமல் இருந்தாலும் அந்தக் காதுவலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே அடங்கியிருக்கும். பெயரை மட்டும் எண்ணெய் தட்டிக்கொண்டு போகிறது.

அடுத்தது குடைச்சல். கோழி இறகு, சேப்டி பின், தீக்குச்சி, சாவி, நாகரிகமாகப் பஞ்சுக் குச்சி. குறும்பி அழுக்கு அல்ல, காதின் காவல். தானே வெளியே வரும் அதைக் குச்சி உள்ளே தள்ளி அடைக்கிறது. பேருந்து நிலையத்தில் காது சுத்தம் செய்கிறவரிடம் பிள்ளையின் தலையைச் சாய்த்துக் கொடுக்கும் தகப்பன்களை என்னவென்று சொல்வது?

கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் பாதுகாப்பானதல்ல. ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் ஓட்டையுள்ள செவிப்பறை வழியே உள்காதுக்குப் போனால் ஒலியை உணரும் மயிரணுக்களைக் கொன்றுவிடலாம். அவை மறுபடி முளைப்பதில்லை. சீழ் வடியும் காதுக்குத் தேவை சுத்தமான பஞ்சுத் திரியால் துடைப்பு, தண்ணீர் படாமல் பாதுகாப்பு, மருத்துவர் கண்ணால் பார்த்து எழுதிய மருந்து. “சின்ன வயசுல எல்லாருக்கும் வடியும், வளர்ந்தா நின்னுடும்” என்று ஆண்டுக்கணக்கில் விட்டவர்கள்தான் எலும்பு அரித்த காதோடு வருகிறார்கள். மூளைக்காய்ச்சலோடு வருபவர்களும் உண்டு.

தேங்கிய நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வற்றிவிடும். வற்றவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம், டிம்பனோகிராம் எடுக்க வேண்டும்.

மங்கனபாவும் தங்கச் சங்கிலியும்

கன்னடத்தில் மங்கனபாவு, தமிழில் பொன்னுக்கு வீங்கி. 2023 கடைசியிலும் 2024இலும் தென்மாநிலங்களில் இது மறுபடி தலைதூக்கியது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருப்பது தட்டம்மை–ருபெல்லா ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி அதில் இல்லை, அதைத் தனியாரிடம்தான் போட வேண்டும். கழுத்தில் தங்கச் சங்கிலி மாட்டுவதால் வீக்கம் வற்றுவதில்லை. அது வற்றும் நேரத்தில் தானே வற்றும். சங்கிலியால் கெடுதல் இல்லை. அதை நம்பிக்கொண்டு காதைக் கவனிக்காமல் விடுவதில்தான் கெடுதல். அரிதாக இந்த நோய் ஒரு பக்கக் காதை ஓரிரு நாளில் நிரந்தரமாகச் செவிடாக்கும். மறுகாது கேட்பதால் பிள்ளை சொல்லாது. எப்போதும் ஒரே காதில் போனை வைக்கிறது என்று பல மாதம் கழித்துக் கண்டுபிடிப்பார்கள். வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் காது இருக்கிறது.

தொண்டை கட்டினால்

குரல் கம்மிய பிள்ளையை “சத்தம் போடாம, மெதுவாக் குசுகுசுன்னு படி” என்கிறார்கள். கிசுகிசுப்பதும் குரல்நாணைச் சிரமப்படுத்தும். சில நாள் வாய் மூடிக் கேட்கட்டும். அதுவும் மொழிப் பயிற்சிதான்.

விட்டதைப் பிடிக்க வழி உண்டு

திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த இளம்வயதில் உ.வே. சாமிநாதையருக்கு அம்மை கண்டது. பாடத்தை விட்டுவிட்டுத் தாய்வழிப் பாட்டனார் ஊரான சூரியமூலையில் போய்ப் படுத்தார். தேறிய பிறகு ஆசிரியரிடம் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த இடைவெளியால் தமிழுக்கு நட்டம் எதுவும் வரவில்லை.

காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கலாம். முதலில் கேட்பது, பிறகு வாசிப்பது, கடைசியில் எழுதுவது. உடன் படிக்கும் கன்னட வீட்டுப் பிள்ளையை மாலையில் வந்து அன்றைய பாடத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தொற்றும் நோயாக இருந்தால் போனில் போதும். எஸ்எஸ்எல்சி எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். கர்நாடகத்தில் அந்தத் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் நடத்தப்படுகிறது. முதல் தேர்வைத் தவறவிட்டவர் அதே ஆண்டில் அடுத்ததை எழுதலாம். டெங்குவோடு தேர்வறைக்குப் பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போக எந்த அவசியமும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை மொழிப் பாடத்தில் பின்தங்கினால் டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் காதைப் பரிசோதியுங்கள். பேச்சுக்கும் செவித்திறனுக்குமென்றே 1965இல் மைசூரில் தொடங்கிய அகில இந்திய நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. சாமராஜநகரிலிருந்து நேரடி ரயில் உண்டு, காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்.