பழக்கூடை – 12: வௌவால் வந்து போன பழம்

போன வாரம் ரம்புத்தானும் அதன் முடியும். பறித்த பிறகு அது பழுக்காது, முடி வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும், இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று முடித்திருந்தேன். தவறவிட்டவர்கள் வீட்டில் படித்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரம் டுரியான். எப்படி வாங்குவது, வாங்கியதைக் குடும்பத்துக்கு எப்படிப் பத்திரப்படுத்துவது, இரண்டையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் பாதிக்கே இடம் போதுமா என்று தெரியவில்லை. எல்லாம் வௌவாலால் வந்தது.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் தீபாவளிக் கூடாரங்களைப் பிரித்து, மிச்சம் விழுந்த முறுக்கு டின்களைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் வருடக் கடைசி டுரியான் தலைகாட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருவது பெரிய பருவம். நவம்பர் வாக்கில் தொடங்கி மழையோடு மழையாகச் சில வாரம் ஓடுவது சின்னப் பருவம். எனக்குச் சின்னதுதான் பிடிக்கும். கூட்டம் குறைவு, கடைக்காரருக்குப் பேச நேரமிருக்கும். ரவூப்பிலிருந்தோ பெந்தோங்கிலிருந்தோ உலு லங்காட்டிலிருந்தோ வண்டியில் வந்து இறங்குவதை நடைபாதை ஓரத்தில் குவித்துவிட்டு, கையுறையும் கத்தியுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

நம் நாட்டுப் பழத்தை மரத்திலிருந்து அறுப்பதில்லை, தானாக விழ விடுகிறோம். தாய்லாந்தில் விழுவதற்கு முன்பே அறுத்துவிடுவார்கள். அதனால் அவர்கள் பழம் நாள் தாங்கும், நம்முடையது தாங்காது. ஆகவே காம்பைப் பாருங்கள். பச்சையாக, கொஞ்சம் ஈரமாக இருந்தால் நேற்றிரவோ இன்று விடியற்காலையோ விழுந்தது. சுருங்கிக் கறுத்திருந்தால் பழசு. காம்பையே நறுக்கி எடுத்திருந்தால் கடைக்காரர் எதையோ மறைக்கிறார், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். காதருகே வைத்து லேசாக ஆட்டினால் உள்ளே மெல்லிய அசைவு தெரிய வேண்டும். சுளை ஓட்டை விட்டுவிட்டது என்று அர்த்தம். அடிப்பக்கத்தில் முள் வரிசைகள் சேரும் கோட்டில் மூக்கை வைத்து முகருங்கள். வாசனை வரவேண்டும், புளிப்பு வரக்கூடாது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாததை ஒரு கடைக்காரர் சொன்னார். ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் ஒட்டிப்போன பழமொன்றை நான் எடுத்தபோது, “கோணப் பழம் வேணாண்ணே, ரெண்டு அறை காலியாத்தான் இருக்கும்” என்றார். ஏன் காலி என்று கேட்டேன். “மரத்தைக் கேளுங்க” என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

மரத்தைப் பற்றிப் படித்தேன். டுரியானுக்குள் சாதாரணமாக ஐந்து அறை. ஓர் அறையில் விதை பிடிக்காவிட்டால் அங்கே சுளையும் இல்லை, அந்தப் பக்கம் ஓடும் வளராமல் ஒடுங்கிவிடும். விதை பிடிக்க மகரந்தம் வேண்டும். தன் பூவின் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரங்கள் டுரியானில் நிறைய. வேறொரு மரத்திலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். பூவோ பொழுது சாயும் நேரத்தில் விரிகிறது, இருட்டிய பிறகு மகரந்தத்தைக் கொட்டுகிறது, விடிவதற்குள் இதழெல்லாம் உதிர்ந்து தரையில் கிடக்கிறது. பெரிய தேனீக்கள் அந்தியில் கொஞ்சம் வேலை பார்க்கும். ராத்திரி வேலைக்கு வருவது தேன் குடிக்கும் வௌவால். கையகல உடம்பு, நீண்ட நாக்கு. பழத்தைக் கடிக்கிற இனமில்லை. பூவுக்குள் முகத்தை விட்டு நக்கிவிட்டு, முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகும்.

கடையில் பழத்தை உருட்டி உருட்டிப் பார்க்கிறோமே, அந்த உருண்டையான வடிவம் மூன்றரை நான்கு மாதத்துக்கு முன்னால் ஓர் இரவில் வௌவால் சரியாக வந்து போனதற்கான சாட்சி. கார்த்திகையில் வாங்குகிற பழம் ஆடியில் பூத்தது.

சரி, வௌவால் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பத்துமலையிலிருந்து!

272 படி ஏறும்போது பாதிக்கு மேல் இடப்பக்கம் ஒரு பாதை பிரியும். அது இருட்டுக் குகைக்குப் போகிறது, 2019-இல் அதைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். அந்தக் குகையில் குடியிருக்கும் வௌவால்களில் இந்தத் தேன்குடி இனமும் ஒன்று. 1892 முதல் நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து அந்த மலைக்குள் ஏறிக்கொண்டிருக்கிறோம். அதே மலையிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்தி சாய்ந்ததும் இன்னொரு கூட்டம் வெளியே புறப்பட்டிருக்கிறது, நாம் அண்ணாந்து பார்க்கவில்லை. மஸ்ஜித் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஓடும் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையைப் பெரியவர்கள் இன்னும் பத்து ரோடு என்பார்கள், அந்தத் திசைக்குப் போகிற சாலை என்பதால். பழம் வாங்கப் போகிற தெருவுக்கும் பழத்தை உண்டாக்குகிறவரின் வீட்டுக்கும் இவ்வளவு நெருக்கம்.

1970களில் ஸ்டார்ட் என்ற ஆய்வாளர் இந்த வௌவால்களைப் பின்தொடர்ந்தார். அவர் கண்டதில் என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. டுரியான் வருடத்தில் சில வாரம்தான் பூக்கும். மீதி நாளெல்லாம் வௌவால் எதைத் தின்று உயிர் வாழும்? வாழைப்பூ, பெத்தாய் பூ, இப்படிக் கிடைத்ததெல்லாம். அவற்றோடு, கடலோரச் சதுப்பில் ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூக்கும் பெரெம்பாங் மரம். அதற்காகப் பத்துமலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் கடற்கரைப் பக்கம் பறந்து போய், ராத்திரிக்குள் திரும்பியும் வருகின்றன. நம்மில் பலர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிற தூரம்.

பெரெம்பாங் என்றால் தெரியாதவர்களுக்கு: கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தானுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், படகில் உட்காரவைத்து மின்மினி காட்டுவோமே, அந்த மின்மினிகள் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருப்பது இந்த மரத்தில்தான். மின்மினி மரத்தை வெட்டி இறால் குளம் தோண்டினால், சதுப்பையே பார்த்திராத ஒரு மலைத்தோட்டத்தில் டுரியான் கோணலாகக் காய்க்கலாம். பத்துமலையைக்கூடச் சுண்ணாம்புக் கல்லுக்காக வெடிவைத்து உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், 1980களின் தொடக்கத்தில்தான் அது நின்றது. அன்று மலையைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களுக்குக் கோயில் நன்றி சொல்வது இருக்கட்டும், டுரியான் கடைக்காரர்களும் சொல்ல வேண்டும்.

தியோமான் தீவில் பெரிய பழந்தின்னி வௌவால்களும் டுரியான் பூவுக்கு உதவுகின்றன என்று கேமரா கட்டிப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள், 2017-இல் வெளிவந்த ஆய்வு. தோட்டத்தில் பழந்தின்னியைக் கண்டால் துப்பாக்கி தேடுகிறவர்களுக்கு யாராவது அதை மலாயில் படித்துக் காட்டினால் தேவலை. தாய்லாந்தில் வௌவால் போதாத தோப்புகளில் ஆட்கள் ராத்திரியில் ஏணி வைத்து ஏறி, தூரிகையால் பூப்பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். அந்தக் கூலியும் பழத்தின் விலையில்தான் சேரும்.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் மஸ்ஜித் இந்தியாவில் புடவைக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் நடுவே இந்த வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அப்படியில்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு, கல்லாறு அரசுப் பண்ணைகளில் டுரியான் மரங்கள் உண்டு. அங்கே அதைப் பிள்ளைவரம் கேட்டுத் தின்கிறார்கள்! குழந்தையில்லாத தம்பதிகள் பருவத்துக்குக் காத்திருந்து அதிக விலை கொடுத்து வாங்கிப் போவார்கள். மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. இங்கே நாம் உடம்புச் சூடு ஏறும் என்று பயந்து, தின்ற கையோடு அதே ஓட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறோம், மேலே இரண்டு மங்குஸ்தானை உரித்துப் போடுகிறோம். அதற்கும் ஆதாரம் கேட்டால் என் மாமியார் கோபித்துக்கொள்வார்.

மங்குஸ்தான் என்றதும் நினைவு வருகிறது. அதன் அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கிறதல்லவா, அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஆறு, ஏழு இதழ் உள்ளதாகப் பொறுக்குங்கள். சுளை கூடினால் ஒவ்வொன்றும் சின்னதாகும், பெரிய கொட்டையும் குறையும். ஓடு விரலுக்கு லேசாக அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் எங்கோ விழுந்து அடிபட்டதோ நாள்பட்டதோ. குளிர்ப்பெட்டியின் கடுங்குளிரிலும் ஓடு கல்லாகிவிடும், கீழ்த்தட்டுக் காய்கறிப் பெட்டியில் காகிதம் சுற்றி வையுங்கள்.

டுரியானைப் பத்திரப்படுத்துவது பற்றி ஆசிரியர் போன் செய்து நினைவூட்டிவிட்டார், ஆகவே அவசரமாக. முழுப் பழத்தை வீட்டில் வைக்காதீர்கள். விழுந்த பழம் ஓரிரு நாளில் வெடிக்கும், வெடித்தால் எறும்புக்குத்தான். எல்.ஆர்.டி.யிலும் ஏற விடமாட்டார்கள், டுரியான் வாங்குகிற அன்று காரில் வாருங்கள். கடையிலேயே பிளக்கச் சொல்லி, கெட்ட சுளையை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் மறுமுறை போகவேண்டாம். சுளைகளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஒருவேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்துப் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். ஒரே பெரிய டப்பாவில் போட்டால் ஒவ்வொரு முறையும் முழுவதையும் இளக்கி மறுபடி உறையவைப்பீர்கள், சுளை தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். தின்பதற்கு முந்தின இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கினால் போதும்.

கூழானதைக் கொட்டவும் வேண்டாம். உப்புப் போட்டுப் புளிக்கவைத்தால் தெம்போயாக் ஆகும். தெமர்லோவில் பாத்தின் மீனைப் போட்டுக் காய்ச்சும் அந்தக் குழம்பை நம் வீட்டு மண்சட்டியில் மஞ்சளும் காந்தாரி மிளகாயும் சேர்த்துச் செய்கிற ஒரு அக்காவிடம் பேசி வைத்திருக்கிறேன். அளவு அடுத்த வாரம். அதற்குள் ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கழுவி, வெயில் வருகிற நாளாகப் பார்த்துக் காயவைத்துவிடுங்கள்.