முழுவுடற் பயிற்சியா, பகுதிவாரிப் பயிற்சியா?

கிரிவலம் வருவோர் பெரிய கோயிலிலிருந்து புறப்பட்டு, 14 கிலோமீட்டர்ப் பாதையில் ஏறத்தாழப் பாதியைக் கடக்கும்போது அடி அண்ணாமலைத் திருக்கோயிலை அடைகின்றனர். பலர் அங்கே சற்று அமர்கின்றனர். அமர்வதில் துன்பமில்லை, எழுவதில்தான் துன்பம். அத்தனை தொலைவு தளராமல் நடந்து வந்தவரே தரையில் கையூன்றி, அருகிலிருப்பவரின் தோளைப் பற்றிக்கொண்டு எழுவதை எந்தப் பௌர்ணமி இரவிலும் காணலாம். நடக்கும் ஆற்றல் வேறு, எழும் ஆற்றல் வேறு.

நடைப்பயிற்சி இதயத்திற்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் உற்ற துணை. அதைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைத்தசை ஒவ்வோர் அடியிலும் தாங்கும் சுமை சிறிது. தரையிலிருந்து எழும்போதோ, முழங்கால் மடங்கிய நிலையில் உடலின் எடையில் பெரும்பகுதியை அத்தசை உயர்த்த வேண்டியுள்ளது. அதற்கான வலு, சுமையை எதிர்த்துச் செய்யும் பயிற்சியாலேயே வளர்கிறது.

மருத்துவமனையில் படுத்திருந்து வீடு திரும்புவோர்க்கு இச்சிக்கல் இன்னும் கடுமையானது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமுடன் இருந்த முதியோர் சிலர் 10 நாள்கள் முழுமையான படுக்கையோய்வில் வைக்கப்பட்டனர். அந்த 10 நாள்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசைத்திசு குறைந்தது. நோயில்லாதவர்க்கே இந்த இழப்பு என்றால், காய்ச்சலும் பசியின்மையும் கொண்டு படுத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இதனால்தான் வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு தசைவலுப் பயிற்சியையும் எழுதித் தருகிறோம். அப்பயிற்சியை எவ்வாறு வாரத்தில் பிரித்துக்கொள்வது என்னும் வினா அங்கே எழுகிறது.

இரு முறைகள்

முழுவுடற் பயிற்சி என்பது, பயிற்சி செய்யும் ஒவ்வொரு நாளிலும் கால், இடுப்பு, முதுகு, மார்பு, தோள், கை ஆகிய பெரிய தசைத்தொகுதிகள் அனைத்திற்கும் சிறிது சிறிதாக வேலை கொடுப்பது. இதை வாரத்தில் 2 அல்லது 3 நாள்கள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டுச் செய்வர். பகுதிவாரிப் பயிற்சி என்பது, ஒரு நாள் மார்பு, மறுநாள் முதுகு, பிறகு கால் என உடலைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நாளை முழுமையாக ஒதுக்குவது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர் பலர் பின்பற்றுவது இரண்டாவது முறையே. வாரத்தில் 5 அல்லது 6 நாள்கள் தவறாமல் சென்று, மிகுந்த சுமையை உயர்த்தக்கூடியவர்க்கு அது பொருத்தமானது. நோயிலிருந்து மீள்வோர்க்கும் அது அவ்வாறே பொருந்துமா?

எம் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வந்த ஒருவரைப் பெயர் குறிப்பிடாமல் இங்கே சொல்கிறேன். அறுபதைக் கடந்த உழவர். நிலக்கடலை, அதாவது நம் பக்கத்து மல்லாட்டை, பயிரிடுபவர். நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உண்டு. நுரையீரல் தொற்றுக்காகச் சில நாள்கள் படுத்திருந்து வீடு திரும்பினார். அவருடைய மகன் உடற்பயிற்சியில் ஆர்வமுள்ளவர். தந்தைக்காக ஒரு குறிப்பேட்டில் அட்டவணை வரைந்திருந்தார்: திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை. சுமைகளைத் தந்தையின் அளவுக்குக் குறைத்தும் இருந்தார். அன்போடும் அக்கறையோடும் செய்யப்பட்ட அட்டவணை அது.

நான்கு வாரம் கழித்து வந்தபோது கையில் சற்று வலுக் கூடியிருந்தது. ஆனால் தரையிலிருந்து எழ இயலவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினோம். நான்கு வியாழக்கிழமைகளில் ஒன்று மறுபரிசோதனைக்கு இங்கே வந்த நாள். மற்றொன்று உறவினர் வீட்டுக் காதணி விழா. இன்னொன்றில் முழங்கால் வலி. ஆக ஒரு மாதத்தில் கால்கள் பயிற்சி பெற்றது ஒரே ஒரு நாள். இதற்கிடையே, ஒவ்வொரு நாளும் அவரைக் கைதூக்கி எழுப்பிய அவருடைய மனைவி இடுப்புவலியால் எம்மிடமே நோயாளராக வந்து சேர்ந்தார்.

தவறும் நாளின் கணக்கு

மகன் கேட்ட கேள்வி நியாயமானது: “எந்த முறையில் தசை அதிகமாக வளரும்?” இதற்கு ஆய்வுகள் தரும் விடை பலருக்கு வியப்பளிக்கும். ஒரு தசைக்கு வாரம் முழுவதிலும் தரும் மொத்த வேலை சமமாக இருந்தால், அதை ஒரே நாளில் தந்தாலும் மூன்று நாள்களில் பகிர்ந்து தந்தாலும் வளர்ச்சியில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே தசையை மட்டும் கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று அது சொல்லும்.

வேறுபாடு நோயாளரின் நாட்காட்டியில் இருக்கிறது. ஐந்து நாள் பகுதிவாரி அட்டவணையில் ஒரு நாள் தவறினால், அந்த உறுப்புக்கு அவ்வாரம் ஒன்றுமே இல்லை. மூன்று நாள் முழுவுடற் பயிற்சியில் ஒரு நாள் தவறினால், எல்லா உறுப்புகளுக்கும் இன்னும் இரண்டு நாள் மீதமுள்ளது. டயாலிசிஸ், மறுபரிசோதனை, காய்ச்சல், திருமணம், துக்கம், அறுவடை என நோயாளரின் வாரத்தில் தவறும் நாள்கள் இருந்தே தீரும். அதை ஒழுக்கக் குறைவு என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. தவறுவதைத் தாங்கும் அட்டவணையைத் தேர்வதே முறை.

மற்றொரு காரணமும் உண்டு. வாரத்திற்கு 9 சுற்று கால்பயிற்சி தேவை எனக் கொள்வோம். அதனை ஒரே நாளில் செய்த முதியவர்க்கு அடுத்த இரண்டு மூன்று நாள்கள் தொடை வலிக்கும். படியிறங்கும்போது கால் தடுமாறும். வலுவிழந்தவரின் தடுமாற்றம் விழுவதில் முடியக்கூடும். நாளுக்கு 3 சுற்று என மூன்று நாள் செய்தால் அத்தகைய வலி பெரும்பாலும் வாராது.

சர்க்கரை நோயாளர்க்கு மூன்றாவது காரணம். இரத்தத்திலுள்ள சர்க்கரையை மிகுதியாக உள்வாங்குவன பெருந்தசைகள், சிறப்பாகத் தொடையும் பிட்டமும். பயிற்சியால் இன்சுலின் செயல்திறன் கூடுவது ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நீடிக்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம், அடுத்தடுத்து வாராத நாள்களில் வாரம் 2 அல்லது 3 முறை தசைவலுப் பயிற்சி செய்யப் பரிந்துரைப்பது இதனாலேயே. கைக்கு மட்டும் ஒதுக்கிய நாளில் சர்க்கரைக்குக் கிடைக்கும் பயன் சிறிதே.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறத்தாழ இதையே கூறுகிறது: வயதுவந்தோர் வாரத்தில் 2 நாள்களுக்குக் குறையாமல், முக்கியத் தசைத்தொகுதிகள் அனைத்திற்கும் வலுப்பயிற்சி தர வேண்டும். 65 வயதைக் கடந்தோர் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை 3 நாள்களுக்குக் குறையாமல் செய்ய வேண்டும். நாள்பட்ட நோயுடையோர்க்கும் இதுவே.

மருத்துவமனையில் பிறந்த முறை

எடை தூக்குவது பயில்வான்களின் கலை, நோயாளர்க்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், சிகாகோ நகரின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர் பணியாற்றினார். இளமையில் வாதக் காய்ச்சலால் படுத்து, எடைப் பயிற்சியால் உடல் தேறியவர் அவர். முழங்காலில் காயமுற்ற வீரர்கள் மெல்லிய பயிற்சிகளால் மாதக்கணக்கில் தேறாமல் கிடப்பதைக் கண்டு, சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை அவர்களுக்குக் கொடுத்தார். 1945இல் அதனை வெளியிட்டார். பத்துப் பத்தாக மூன்று சுற்று என்று இன்றும் பயிற்றுநர் சொல்வது அவர் வகுத்த முறையின் வழிவந்ததே.

முதுமை தடையாகுமா? 1990இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், 90 வயதை ஒட்டிய 10 பேர்க்கு 8 வாரம் கால்வலுப் பயிற்சி அளித்தனர். முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

பகுதிவாரி முறை பொருந்தும் இடங்கள்

சிலர்க்கு முழுவுடற் பயிற்சியை ஒரே மூச்சில் முடிக்க இயலாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயல்திறன் குறைவு, டயாலிசிஸ் ஆகியவற்றால் விரைவில் களைப்போர் அவர்கள். இவர்களுக்குப் பிரித்துத் தருவதே நல்லது. ஆனால் வாரத்தைப் பிரிப்பதைவிட நாளைப் பிரிப்பதையே நான் விரும்புகிறேன்: காலையில் காலுக்கும் இடுப்புக்கும் 10 நிமிடம், மாலையில் மேலுடலுக்கு 10 நிமிடம். வேலை முழுவுடலுக்கும் சேர்கிறது, களைப்புப் பாதியாகிறது. தோளிலோ முழங்காலிலோ அறுவை செய்துகொண்டவர்க்கு அந்த உறுப்புக்கெனத் தனிப் பயிற்சி நாள்தோறும் தேவைப்படலாம். அது மருத்துவர் வகுப்பது. பல மாதம் முழுவுடற் பயிற்சி செய்து, சுற்றுகள் கூடி, ஒரு வேளைப் பயிற்சி ஒரு மணி நேரத்தைக் கடக்கிறது எனில், மேலுடல் இரு நாள், கீழுடல் இரு நாள் எனப் பிரித்துக்கொள்ளலாம். நோயாளருள் அந்நிலையை எட்டுவோர் சிலரே, எட்டினால் மகிழ்ச்சியே.

வீட்டில் செய்யும் முறை

இதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட கைப்பிடியுள்ள நாற்காலி, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு, ஒரு ரப்பர் பட்டை ஆகியன போதும். முதலில் நாற்காலியில் அமர்ந்து எழுதல். இது நம் பஸ்கியின் எளிய வடிவம். அடுத்துச் சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டால். பின்பு சன்னல் கம்பியில் மாட்டிய ரப்பர் பட்டையை முழங்கைகள் விலாவைத் தொடும்படி பின்னிழுத்தல். பாயில் மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துதல். சுவரைப் பற்றிக் குதிகால் உயர்த்துதல். இறுதியில் இரு கைகளிலும் புட்டிகளை ஏந்திச் சிறிது நடத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. முதல் இரு வாரம் ஒரு சுற்று, பின்னர் இரண்டு. முடிக்கும்போது ‘இன்னும் இரண்டு முறை செய்யலாம்’ என்ற அளவில் களைப்பு இருக்க வேண்டும். இன்னும் பத்து முறை செய்யலாம் எனத் தோன்றினால் சுமை போதவில்லை. நாற்காலியின் கைப்பிடியை விடுங்கள், அல்லது ஒரு சுற்றைக் கூட்டுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி எளிய ஏற்பாடு. கிரிவலம் செல்லும் நாளிலும் அதற்கு முன்நாளிலும் கால்பயிற்சியைத் தவிர்த்து, அதனை அவ்வாரத்தின் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்க.

எச்சரிக்கைகள் சில. சுமையை உயர்த்தும்போது மூச்சை அடக்கலாகாது. இரத்த அழுத்தம் திடீரென உயரும். உயர்த்தும்போது மூச்சை வெளிவிட்டு, இறக்கும்போது உள்ளிழுக்க வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதுற்றோர் கண் மருத்துவரின் ஒப்புதலின்றிக் கடும் சுமையைத் தொடலாகாது. டயாலிசிஸ் நோயாளர், இரத்தக்குழாய் இணைப்பு உள்ள கைக்கு என்ன பயிற்சி என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மார்பெலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர், மருத்துவர் அனுமதிக்கும் வரை சுவர்த் தண்டாலையும் சுமை ஏந்துவதையும் தவிர்க்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்போர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாகாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். மார்புவலி, மயக்கம், அடங்காத மூச்சிரைப்பு ஆகியவற்றிற்கு வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

முன்னேற்றத்தை அளக்கக் கடிகாரம் போதும். கைகளை மார்பில் மடித்து, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர எத்தனை நொடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். 12 நொடிக்குக் குறைவாக முடிப்பது நன்று. ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வகுத்த எல்லை அது. மறுபரிசோதனைக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டை எடுத்து வாருங்கள். உடன் வரும் மகனோ மகளோ துணைவியோ வெளியில் காத்திருக்க வேண்டாம். பயிற்சி அறைக்குள் அவர்களையும் அழைத்து வாருங்கள். நோயாளரைக் கைதூக்காமல் எழுப்பும் முறையை அவர்களுக்கும் அங்கே சொல்லித் தருகிறோம்.